மூன்றாம் மணி

பாண்டியராஜுக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் கெஸியா செய்த முதல் காரியம், வீட்டுச் சாமான்களை மனசுக்குள் மூட்டை கட்டிப் பார்த்ததுதான். எத்தனை சாக்கு பிடிக்கும், இரும்புக் கட்டில் கழற்ற வருமா, கோழிகளை யார் தலையில் கட்டுவது, இப்படி.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஆர்டன்டேல் எஸ்டேட் கோயிலில் பொன்னாடை என்றால் ஒரே அர்த்தந்தான். இவர்களுக்கு முன்னால் மணியடித்து, கூட்டித் துடைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் கோயில்பிள்ளையாக இருந்த ஈசாக்குக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் மெழுகுவர்த்தி என்று நினைத்து ஆயரின் அங்கி நுனிக்குத் தீக்குச்சியைக் கொண்டுபோனார். அந்தத் தை மாதமே அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்தார்கள். கடிகாரம் மாட்டத்தான் சுவர் இல்லாமல் போயிற்று. கோயிலுக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மேட்டுப்பாளையத்தில் மருமகன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தார் மனிதர். அவர் காலி செய்த வீட்டில்தான் பாண்டியராஜும் கெஸியாவும் குடியேறினார்கள். அவர் அடித்த ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது. கெஸியா அதில் பாண்டியராஜின் மாத்திரைப் பையை மாட்டியிருந்தாள்.

செய்தியைச் சொல்லிவிட்டுப் போனது பெண்கள் ஐக்கியத் தலைவி பியாட்ரிஸ். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் யாரிடம் பேசினாலும் மூக்கைத் துடைத்துவிட வருவதுபோல்தான் கிட்டே வருவாள். பிரதிஷ்டைப் பண்டிகையன்று அன்பின் விருந்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பு என்றும், வெங்காயம் உரிக்கும் பொறுப்பு கெஸியாவுக்கு என்றும், அந்த மூச்சிலேயே கோயில்பிள்ளைக்குப் பொன்னாடை என்றும் சொன்னாள்.

பாண்டியராஜுக்குச் சந்தோஷம் முகத்தில் கொள்ளவில்லை. அடுப்புப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, உப்பில்லாத ரசத்தில் ஊறிய சோற்றைத் தின்றுகொண்டிருந்தவர் தட்டைக் கீழே வைத்தார்.

“பாத்தியா புள்ள. பதினெட்டு வருசம். ஒரு நா மணி தவறலை. மனுசன் உழைச்சா ஆண்டவரு பாக்காம இருப்பாரா?”

“ஆண்டவரு பாத்தா பரவால்லீங்க. கமிட்டி பாத்துரக் கூடாது.”

“எந்நேரமும் அதையே சொல்லு.” தட்டை மறுபடி எடுத்துக்கொண்டார். ரசத்தில் உப்பில்லை என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. அதுவே கெஸியாவுக்குப் பயமாக இருந்தது.

விஷயம் இதுதான். ஒன்றரை வருஷமாக அந்தக் கோயிலில் மணியடிப்பது பாண்டியராஜ் அல்ல, கெஸியா.

ஒரு ஐப்பசி மழையில், சீகை விறகைப் பிளந்துகொண்டிருந்தவர் கோடாரியை விறகிலேயே விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு குழாயை விட்டு, இரண்டு நாள் வைத்திருந்து, மாத்திரைகளோடு அனுப்பினார்கள். டாக்டர் சின்னப் பையன். பேப்பரில் இருதயம் வரைந்து காட்டினான். மாங்காய் மாதிரி இருந்தது. இதயம் அடிக்குதும்மா, ஆனா தள்றதுக்குச் சக்தி கம்மி, கனம் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கி எதையும் இழுக்கக் கூடாது என்றான். இவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டான். கெஸியா “கோயில் வேலைங்க” என்றாள். “அப்ப நல்லது. ரெஸ்ட்டான வேலை” என்று சொல்லிவிட்டு அடுத்த மாங்காய்க்குப் போய்விட்டான்.

அந்தச் சில நாளுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் மணியடித்தான். ஊரில் வாயுத்தொல்லை என்று சொல்லி வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குறிப்பில், நம் சகோதரர் பாண்டியராஜின் வாயுவுக்காகச் சபையார் யாவரும் ஊக்கமாய் ஜெபித்தார்கள். கெஸியா முக்காட்டுக்குள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்தது. பக்கத்து இருக்கையில் பார்த்தவர்கள் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியற்காலையிலிருந்து ஆரம்பித்தது. பாண்டியராஜ் கோட்டு, மப்ளர், குரங்குத் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக ஊர் கண்ணில் படும்படி போவார். கெஸியா துடைப்பத்தோடு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போவாள், கூட்டப் போகிறவள்போல. மணிக்கூண்டுக்குள் போனதும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர் உடைந்த பழைய பெஞ்சில் உட்காருவார். இவள் கயிற்றைப் பிடிப்பாள்.

முதல் வாரம் அவர் தலையைத் தூக்கவில்லை. கயிற்றையும் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த வௌவால் புழுக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்தில், இழுத்த பிறகு கயிற்றை விடணும், பிடிச்சுக்கிட்டே தொங்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் அடிக்கும்போது தோள்பட்டைப் பிடிப்பு ஒன்று உண்டு. மூன்று அடி அடித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார், பிறகு மூன்று. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைனில் எல்லோருக்கும் அந்த நிறுத்தம் பழக்கம். அந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் போர்வையை உதறுவார்கள். கெஸியாவும் இல்லாத தோள்பட்டை வலிக்காக நிறுத்தி நிறுத்தி அடிக்கப் பழகினாள்.

அடித்து முடிந்ததும் பாண்டியராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். முதலில் அது நடிப்பு. அவள்கூட, நாடகத்தில சேத்துக்குவாங்க உங்களை என்று கேலி செய்தாள். போகப் போக நிஜமாகவே வியர்த்தது. வியர்த்தால் உடனே கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தான். அதனால் ஒவ்வொரு மணிக்குப் பிறகும் கோட்டுக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டுப் பார்ப்பாள். குளிர்ந்த வியர்வையா, சூட்டு வியர்வையா என்று. அவர் கையைத் தட்டிவிடுவார்.

“மணியடிச்சா வேர்க்காதா?”

அப்படி அவர் முதல் தடவை சொன்னபோது கெஸியா சிரித்தாள். அடுத்தடுத்த தடவை சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மற்றபடி அவளுடைய நாள் சாதாரணமானதுதான். விடியல் மணி, வெந்நீர், மாத்திரை, உப்பில்லாத சமையல் ஒன்று, உப்புப் போட்ட சமையல் ஒன்று. உப்புப் போட்டதை அவருக்குத் தெரியாமல் நின்றுகொண்டே தின்பாள். பிறகு கொழுந்துக்கு ஓட்டம். தற்காலிகப் பேரில் எஸ்டேட்டில் அவளும் கொழுந்து பறித்தாள். சாயங்காலம் வந்து பெஞ்சு துடைப்பது, மெழுகு சுரண்டுவது, பலிபீடத் துணியை மழையில் காயவைக்கும் அற்புதம், பிறகு மாலை மணி. சனிக்கிழமை பூ. ஞாயிறு மூன்று தடவை மணி. முதல் மணி எழுப்ப, இரண்டாம் மணி குளிக்க, மூன்றாம் மணி அடித்து முடிவதற்குள் உள்ளே இருக்க வேண்டும். திருப்பூரில் செக்கிங் வேலையிலிருக்கும் மகன் போன் பண்ணும்போது, அப்பா எப்படி இருக்காரு என்று கேட்பான். உனக்கு எப்படி இருக்கு என்று கேட்க அவனுக்கும் தோன்றவில்லை, கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவளும் யோசித்து வைக்கவில்லை.

பொன்னாடைச் செய்தி வந்த மறுநாள், கொழுந்து மலையில் காளியம்மாளிடம் சொன்னாள். காளியம்மாள் கண்டியில் பிறந்து, சின்ன வயசில் கப்பலேறி வந்தவள். இன்னமும் லைனை லயம் என்பாள், துரையைத் தொரை என்பாள். மணியின் ரகசியம் தெரிந்த ஒரே வெளியாள் அவள்தான் என்று கெஸியா நம்பிக்கொண்டிருந்தாள். தெரிந்த விதமும் வேடிக்கை. ஒரு விடியற்காலை மணிக்கூண்டு வாசலில் காட்டெருமை ஒன்று நகராமல் நின்றுவிட்டது. கெஸியா அதனிடம், வழி விடு சாமி, மணிக்கு நேரமாச்சு என்று கெஞ்சிக்கொண்டிருந்ததை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போன காளியம்மாள் பார்த்துவிட்டாள். காட்டெருமை நகர்ந்தது, காளியம்மாள் நகரவில்லை.

சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளில் தண்ணீர் வழிய, இரண்டு பேரும் ஒரே வரிசையில் பறித்துக்கொண்டு போனார்கள். கோட்டிங் தீர்ந்துபோன ஃப்ளாஸ்கில் ஆறிய டீ, இரண்டு வர்க்கி. பண்டிகையன்று ஆயர் மேடையில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, இவருக்குப் பதில் இன்னார் என்று ஒரு பேரைச் சொல்வார், அவ்வளவுதான், ஒரு மாசம் டைம் கொடுப்பார்கள் என்று கெஸியா சொல்லிக்கொண்டே வந்தாள். காளியம்மாள் வர்க்கியை டீயில் முக்கினாள்.

“நேராப் போயி செக்ரட்ரிகிட்ட சொல்லிப்புடு புள்ள. எம் புருசனுக்கு முடியல, நாந்தான் அடிக்கிறேன், சம்பளத்த எங்கிட்ட குடுன்னு.”

“அப்பறம் பொன்னாடை எனக்குப் போத்துவாங்கக்கா.”

“போத்தட்டுமே. குளுருக்கு ஆவும்.”

“ஊடு போயிருமே.”

காளியம்மாள் விரலில் ஒட்டிய வர்க்கித் தூளைத் தட்டினாள். வீடு போவது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கடலைத் தாண்டி வந்தவள். கடைசியில், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே, எங்க மாரியாத்தாகூட இம்புட்டு வேலை வாங்க மாட்டா என்று மட்டும் சொன்னாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் கோயில் செயலாளர் யோபுராஜ் வீட்டுக்கே வந்தார். ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் குடித்தாலும் வாயில் வைத்துக் கொப்பளித்துத் தரம் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். கெஸியா கொடுத்த டீயையும் அப்படியே செய்தார். நாளைக்கு மூன்றாம் மணி அடிக்கும்போது கதவைத் திறந்து வைக்க வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் நம் சபைப் பிள்ளைகளுக்கு அனுப்ப போனில் வீடியோ எடுக்கப்போகிறோம், அண்ணன் கோட்டோடு நிற்கட்டும், எடுப்பாக இருக்கும் என்றார். பாண்டியராஜ் கோட்டை இப்போதே போட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தார். கெஸியா கழுவி வைத்த டம்ளரை மறுபடி கழுவினாள்.

யோபுராஜ் போனதும் அவள் கதவைச் சாத்தினாள்.

“ஏனுங்க. நாளைக்கு முடியலைன்னு சொல்லிருங்க. சளின்னு சொல்லலாம். வாயுன்னே சொல்லுங்க.”

“நாலு தடவை இழுத்தாச் செத்தா போயிருவன்?”

“டாக்டரு என்ன சொன்னாருன்னு காதுல வாங்குனீங்களா இல்லியா?”

“அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? பதினெட்டு வருசமா இழுத்த கை.”

“பதினாறரை.”

பாண்டியராஜ் திரும்பிப் பார்த்தார். அவள் சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லிவிட்டாள்.

“செத்தாச் சாவறேன் போ. கோயில்ல சாவறவனுக்கு மோட்சம்.”

“உங்களுக்கு மோட்சம். சாவு மணி யாரு அடிக்கறது? அதையும் நாந்தான அடிக்கோணும்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஸியா ஒரு சாக்கு வெங்காயத்தை இழுத்துப் போட்டு உரிக்க உட்கார்ந்தாள். நல்ல வேளையாக அழுவதற்கு வெங்காயம் என்று ஒரு சாக்கும் இருந்தது.

மறுநாள் விடிந்தபோது எதிரே இருக்கும் தைலமரம்கூடத் தெரியவில்லை, அப்படி மூடுபனி. முதல் மணியையும் இரண்டாம் மணியையும் அவளே அடித்தாள். பாண்டியராஜ் பெஞ்சில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. கோட்டு இஸ்திரி போட்டிருந்தது. போட்டதும் அவள்தான்.

மூன்றாம் மணிக்கு நேரமாகி, பனியும் கொஞ்சம் விலகியபோது கெஸியா கோயிலுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில், ஈர விறகு புகைய, குழம்பு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மணிக்கூண்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் குடைகள். யோபுராஜ் போனை உயர்த்திப் பிடித்தார். இளம் ஆயர் அங்கியைத் தூக்கிச் சேற்றில் படாமல் நின்றார். பியாட்ரிஸ் முன்வரிசையில்.

பாண்டியராஜ் கயிற்றைப் பிடித்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

முதல் அடி விழுந்தது. மணி இல்லை, மணியின் ஓரம் எங்கோ உரசியதுபோல ஒரு சத்தம். இரண்டாவதுக்கு இழுத்தார். மேலே ஒன்றும் அசையவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். மூன்று அடிக்கு ஒரு நிறுத்தம் அவருடைய வழக்கம். இது அந்த நிறுத்தம் அல்ல. கெஸியா கொட்டகையிலிருந்தே குடைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவருடைய பிடரியில், மப்ளருக்கும் தொப்பிக்கும் நடுவே, முத்து முத்தாக வியர்வை நின்றிருந்தது. தொட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

கரண்டியை எங்கே போட்டாள் என்று அவளுக்குத் தெரியாது. அண்டாவுக்குள் போட்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. குடைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவரைப் பிடித்துப் பெஞ்சில் சாய்த்து, ரவிக்கைக்குள் எப்போதும் வைத்திருக்கும் சின்ன மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள். கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். முதுகைத் தேய்த்தாள். எல்லாம் முடிந்துவிட்டது, வீடு போயிற்று, வீடு போனாலும் சரி, ஆள் இருக்கட்டும் ஆண்டவரே என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மூச்சு மெல்ல ஒழுங்குக்கு வந்தது. கண்ணைத் திறந்தார். அவள் நிமிர்ந்து, வாசலில் நிற்கிற சபையை ஏறிட்டுப் பார்த்தாள். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று.

யோபுராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, நீங்க உக்காருங்க, சிரமப்பட வேண்டாம். கெஸியாம்மா எப்பவும்போல அடிக்கட்டும். நேரமாகுது.”

எப்பவும்போல.

யாரும் திடுக்கிடவில்லை. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. பியாட்ரிஸ் குடையை மடக்கி உதறினாள். ஆயர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பத்து மணி பஸ் பத்தேகாலுக்கு வந்தால் எப்படி நிற்பார்களோ, அப்படி நின்றார்கள்.

கெஸியா எழுந்து கயிற்றைப் பிடித்தாள். மூன்று அடி, ஒரு மூச்சு, மூன்று அடி. கை தானாக அடித்தது. சபை உள்ளே போயிற்று.

பாண்டியராஜை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று அவள் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. பொன்னாடை முடியட்டும் என்றார். அதற்குள் நிறம் திரும்பியிருந்தது, நாடியும் சரியாகத்தான் இருந்தது. ஆகவே பொன்னாடை முடிந்தது. சிவப்பில் சரிகைக் கரை. யோபுராஜ் மைக்கில், வெயிலென்றும் மழையென்றும் பாராமல், சுகவீனத்திலும் ஒரு நாள்கூட மணி தவறாத ஊழியர் என்று சொன்னார். கைதட்டினார்கள். இவருக்குப் பதில் இன்னார் என்று எந்தப் பேரும் வரவில்லை. கெஸியா கடைசிப் பெஞ்சில், முக்காட்டில் புகை வாசனையோடு, அந்தப் பேருக்காகக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆசீர்வாதமும் முடிந்துவிட்டது.

பந்தியில் அவளுக்குக் குழம்பு வாளி. வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தவள், யோபுராஜின் இலை முன்னால் நின்றாள். ஒரு பக்கம் ஆயர், ஒரு பக்கம் பியாட்ரிஸ். வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“எப்ப இருந்துங்க தெரியும்?”

“என்னம்மா?”

“மணி.”

யோபுராஜ் சோற்றில் குழி பறித்து வைத்திருந்தார். அந்தக் குழியையே பார்த்தார். “அதை எதுக்கு இப்ப. கொழம்பு ஊத்துங்க.”

பியாட்ரிஸ்தான் சொன்னாள். “போன வருசத்து லெந்து நோன்பு நாளுக்கே தெரியும் கெஸியா. முக்காடெல்லாம் கயித்துத் தும்பு ஒட்டிட்டு வந்து உக்காருவே. நாங்க யாரும் வாயத் தொறக்கலையே. உன்ற மனசு நோகக் கூடாதுன்னுதான்.”

ஆயர் நல்ல பையன். அவருக்குத் தன் பங்கும் சொல்லவேண்டும்போல் இருந்தது. “நற்கருணைக்குக் கையை நீட்டுவீங்கல்லம்மா. உள்ளங்கை பூராக் காப்புக் காய்ச்சிருக்கும். அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருச்சு. உங்களுக்காகத் தனியா ஜெபம் பண்ணினேன்.”

“ஒரு வார்த்தை சொல்லிட்டு ஜெபம் பண்ணியிருந்தீங்கன்னா நானும் கொஞ்சம் தூங்கியிருப்பனுங்க ஐயா.”

ஆயர் அப்பளத்தை ஒடித்தார்.

கமிட்டியில் பேசினோம், வேலை குறையில்லாமல் நடக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டோம் என்றார் யோபுராஜ். அப்படியானால் கோயில்பிள்ளை என்று தன் பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஸியா கேட்டாள். குரல் உயரவில்லை, பந்தியில் உப்பு வேண்டுமா என்று கேட்கிற குரல்தான். பெண்பிள்ளை பேரை அப்படி எழுதினால் மேலிடத்தில் ஆயிரம் கேள்வி வரும், அண்ணன் பேரே இருக்கட்டும் என்றார் அவர்.

“வீட்டைப் பத்திப் பயமே வேண்டாம்மா. நீங்க மணியடிக்கிற வரைக்கும் அந்த வீடு உங்களுதுதான். இதுல பேரு என்னத்துக்கு? ஊழியந்தானே.”

கெஸியா கரண்டியை வாளிக்குள் விட்டாள். துண்டு ஒன்றுகூட வராதபடி சாய்த்து எடுக்க அவளுக்குத் தெரியும். யோபுராஜின் குழி நிறைய வெறும் குழம்பு. ஆயருக்கும் அதுவே. பியாட்ரிஸுக்கு மட்டும் ஒரு எலும்பு.

எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்து அவள் வீட்டுக்கு வந்தபோது, பாண்டியராஜ் கட்டிலில் பொன்னாடையைப் போர்த்தியபடியே உட்கார்ந்திருந்தார். சரிகை கழுத்தில் குத்தி அந்த இடம் சிவந்திருந்தது. எடுக்கவில்லை. அவள் வெந்நீர் வைத்தாள். கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

“செக்ரட்ரி போன கிறிஸ்மசப்பவே எங்கிட்டச் சொல்லிட்டாரு.”

கெஸியா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். “என்னன்னு?”

“எல்லாருக்கும் தெரியும்ணே, அப்படியே நடக்கட்டும்னு.”

கிறிஸ்துமஸ். அதற்குப் பிறகு எத்தனை விடியல், எத்தனை காட்டெருமை. துடைப்பத்தை மறைவுக்குப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியே எத்தனை நாள். யாராவது லைனில் திரும்பிப் பார்த்தால் நெஞ்சு நின்று போய், இவரைவிடத் தனக்குத்தான் முதலில் போகும்போலிருக்கிறது என்று எத்தனை முறை நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

“எங்கிட்ட ஏனுங்க சொல்லலை?”

அவர் பொன்னாடையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“சொன்னா நீ என்னையக் கூட்டிட்டுப் போவ மாட்டே. ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லீன்னா நீயே தனியாப் போயி அடிச்சுட்டு வந்துருவே. நான் இங்க கட்டில்ல கெடக்கோணும். கோட்டு எதுக்குப் போடறது?”

கெஸியாவுக்கு ஏதோ சொல்ல வாய் வந்தது. என்னவாக இருந்தாலும் அது கெட்ட வார்த்தையாகத்தான் இருந்திருக்கும். வெந்நீர் கொதித்துவிட்டது. இறக்கி வைத்தாள். மாத்திரைகளை ஆணியிலிருந்து எடுத்தாள். பொன்னாடையை உருவி மடித்தாள், கழுத்தில் சிவந்த இடத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். தடவிய கை கொஞ்சம் அழுத்தமாகவே இருந்தது. அவர் தலையைக் குனிந்து கொடுத்தார்.

விடியற்காலையில் அவள் கண் விழித்தபோது பாண்டியராஜ் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார். கோட்டு, மப்ளர், குரங்குத் தொப்பி. பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்து, கட்டில் ஓரத்தில். அவளையே பார்த்தார்.

அவள் முக்காட்டை எடுத்தாள். கதவு மூலையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தாள், எடுக்கவில்லை. கதவைத் திறந்து தனியாகப் போனாள். முன்வாசல் வழியாக.

மணிக்கூண்டுக் கதவைச் சாத்தவில்லை. கயிறு பனியில் நனைந்து கனத்திருந்தது. முதல் மூன்று அடிக்குப் பிறகு கை பழக்கத்தில் நிற்கப் பார்த்தது. நிற்கவிடவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று ஒரே சீராக, மூச்சு விடாமல், அவளுக்குத் தோதான வேகத்தில் அடித்தாள். கீழே லைனில் நாய்கள் குரைத்தன. யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். என்ன, ஏது, செத்தது யார் என்று யாரோ கேட்டார்கள். பெரட்டுக்குப் போகிற பாதையில் காளியம்மாள் குடையோடு நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, நடையைக் கட்டினாள்.

அவள் திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில், அதே பொத்தான்களோடு உட்கார்ந்திருந்தார்.

“மணி என்னமோ தப்பா விழுந்துச்சே புள்ள.”

“தப்பில்லீங்க. இன்னைக்குத்தான் நான் அடிச்சேன்.”

தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு மாத்திரையை நீட்டினாள். பாண்டியராஜ் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டினார், நற்கருணைக்கு நீட்டுகிறதைப்போல. ஒன்றரை வருஷத்தில் ஆயருடையதைப்போல் மெத்தென்று ஆகிவிட்ட கைகள். அவள் அதன் நடுவில் மாத்திரையை வைத்தாள்.